முள் நகராத மாதங்கள்

எங்கள் ஸ்டாஃப் ரூமில் எடைக் குறைப்புக்கு ஒரு பருவம் உண்டு. பொங்கல் லீவு முடிந்து வந்ததும் தொடங்கும். ஒருத்தி பிளாஸ்கில் கொள்ளு ரசம் கொண்டுவருவாள், இன்னொருத்தியின் டிபன் பாக்ஸில் சாமை உப்புமா இருக்கும். ஒரு வருடம் எல்லாரும் பேலியோ. அவித்த முட்டை வாடையில் அலமாரியைத் திறக்க முடியாது. வேறொரு வருடம் ஏதோ ஒரு பவுடரைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் குடித்தார்கள். மாசியில் கொஞ்சம் தளரும். பங்குனியில் பொதுத்தேர்வு டியூட்டி வந்துவிடும். சித்திரையில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

நான் பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறவள். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. உயரம் 155 சென்டிமீட்டர். உச்சத்தில் 86 கிலோ இருந்தேன், இப்போது 74. இந்தப் பன்னிரண்டு கிலோவில் முதல் எட்டு ஒரே கல்வியாண்டில் இறங்கிவிட்டது. மிச்சம் நான்கு இறங்குவதற்குள், ஆறாம் வகுப்பில் பார்த்த பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துக் காலேஜுக்குப் போய்விட்டார்கள். இந்தியர்களுக்கென வகுத்த கணக்குப்படி பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டாலே உடல்பருமன். எனக்கு இன்னும் 30-க்கு மேல்தான். அதனால் ஒல்லியாவது எப்படி என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எடைமேடையின் முள் நகராமல் நிற்கும் மாதங்களைப் பற்றிச் சொல்லலாம். அதில் எனக்கு நல்ல அனுபவம்.

முதல் இரண்டு வாரம் எல்லாருக்கும் குறையும். கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரை கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் உடம்பு முதலில் அதில்தான் கைவைக்கும். தண்ணீரும் கூடவே வெளியேறும். இரண்டு கிலோ போய்விட்டது என்று நாம் துள்ளுவோம். கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். என்னைப் போன்ற ஒருத்தி அரை மணி நேரம் நிதானமாக நடந்தால் செலவாவது நூற்றுச் சொச்சம் கலோரிதான். ஆகவே கொழுப்பு கிராம் கிராமாகத்தான் இறங்கும். அதே நேரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால், உப்பும் தண்ணீருமாகச் சேர்ந்து மறுநாளே முள் ஒரு கிலோ மேலே நிற்கும். அந்த ஒரு கிலோவைப் பார்த்து மனம் விட்டுப்போனவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே பாதிப்பேர்.

எனக்கு 78-ல் நின்றது. மாதக்கணக்கில் நின்றது. அதே சாப்பாடு, அதே நடை. ஒரு மருத்துவரிடம் போனேன். ஃபைலில் இருந்து தலையைத் தூக்காமலேயே, "வாயைக் கட்டணும்மா" என்றார். வாயைக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். பிளஸ் ஒன் நரம்பு மண்டலப் பாடத்தில் ஹைப்போதலாமஸ் வரும். பசி, தாகம், உடல் வெப்பம் என்று கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடுவேன். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். நியூயார்க்கில் உள்ள ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994-ல் லெப்டின் ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புச் செல்கள் சுரக்கும் இது, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த வருடமே, அதே இடத்தில் ரூடால்ஃப் லைபெல் குழுவினர் வேறொன்றைக் காட்டினார்கள். எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களின் உடம்பு, எடை குறைந்ததற்காகக் குறைய வேண்டிய அளவையும் தாண்டித் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பஞ்சம் கண்ட ஆச்சி இருக்கும் வீட்டில், பிற்பாடு மூட்டை மூட்டையாய் நெல் வந்து இறங்கினாலும் அவர் அரிசிப் பானையில் கைவிடும்போது விரல் மடங்கியே இருக்கும். ஹைப்போதலாமஸ் அப்படிப்பட்ட ஒரு ஆச்சி.

சரி, ஆச்சி கொஞ்ச நாளில் சமாதானமாகிவிடுவாரா? அதற்கும் பதில் இருக்கிறது, நல்ல பதில் இல்லை. மெல்போர்னில் ஐம்பது பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியே இருந்தது. லெப்டின் இறங்கியே இருந்தது. அவர்களுக்குப் பசியும் முன்பைவிட அதிகமாகவே எடுத்தது. 2011-ல் வெளியான ஆய்வு இது. இன்னொன்று, அமெரிக்காவில் டி.வி.யில் நடந்த எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரைப் பற்றியது. போட்டியில் ஆளுக்குச் சராசரி 58 கிலோ இழந்தார்கள். ஆறு வருடத்தில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அதைவிட முக்கியம், சும்மா படுத்திருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, அந்த உடம்புக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. கெவின் ஹால் குழுவினர் 2016-ல் இதைச் சொன்னார்கள். 500 கலோரி என்றால் நமக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அவர்களுடையது ஒரே மூச்சில் இறக்கிய ராட்சசக் குறைப்பு. நம்மைப் போல மெதுவாகப் போகிறவர்களுக்கு இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் திசை அதுதான்.

இதைப் படித்ததும் சோர்ந்து போயிருக்க வேண்டும். எனக்கோ தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அதுவரை எனக்கு மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். 78-ல் நிற்பதற்கே என் உடம்போடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆர்வம் எங்கே கசிந்து போகிறது என்பதற்கும் ஒரு ஆய்வு கிடைத்தது. பென்சில்வேனியாவில் கேரி ஃபாஸ்டர் குழுவினர் 1997-ல் வெளியிட்டது. சிகிச்சைக்கு வந்த அறுபது பெண்களிடம் எவ்வளவு குறைய வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டார்கள். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 25 கிலோ குறைந்தால் ஒப்புக்கொள்ளலாமாம். 17 கிலோ என்றால் ஏமாற்றமாம். 48 வாரம் கழித்து உண்மையில் குறைந்தது சராசரி 16 கிலோ! மருத்துவர்களைக் கேட்டால் பதினாறு கிலோவை வெற்றி என்பார்கள். ஐந்து, பத்து சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் அந்தப் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தாங்களே 'ஏமாற்றம்' என்று எழுதிக்கொடுத்த எண்ணைக்கூட எட்டவில்லை. பதினாறு கிலோவைக் கரைத்துவிட்டு, தோற்றுப்போனோம் என்று வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய அநியாயம்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. வெளிநாட்டுப் புத்தகங்களில், குறைந்த எடையைப் பார்த்து நாலு பேர் பாராட்டுவார்கள், அது ஊக்கம் கொடுக்கும் என்று எழுதுகிறார்கள். இங்கே வந்து பார்க்கட்டும். எட்டுக் கிலோ குறைந்திருந்த சமயம் ஒரு வளைகாப்புக்குப் போனேன். கூடப் படித்தவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னட்டி இப்படி எளச்சுப் போயிட்ட? சுகரா?" என்றாள். உள்ளே பெரியம்மை முறை ஒருவர் கன்னத்தைத் தடவி, "பூசினாப்ல இருந்தா தாயி, கண்ணு பட்டிருச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பந்தியில் எனக்கு மட்டும் இரண்டு கரண்டி சொதி கூட விழுந்தது. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? கும்பி காய்ந்த தலைமுறைகளின் பாசம் அது. ஆனால் ஊர் வாயிலிருந்து ஊக்கம் வரும் என்று காத்திருப்பது வீண். முள்ளும் சொல்லாது, ஊரும் சொல்லாது. அப்படியானால் யார் சொல்வார்கள்?

எனக்குச் சொன்னவர் முருகன்குறிச்சிப் பக்கம் தைக்கிற ஒரு அக்கா. 78-ல் நின்று நின்று அலுத்திருந்த நேரம், ஜாக்கெட் தொளதொள என்று இருக்கிறதே, துவைத்துத் துவைத்துத் துணி இழுத்துக்கொண்டுவிட்டதோ என்று எடுத்துப் போனேன். அவர் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் போட்டார். பக்கத் தையலில் மூன்று கோடு ஓடியிருந்தது. நான் ஊத ஊத, அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது. பிரித்த இடத்தில் துணி வெயில் படாமல் கடையில் வாங்கிய அன்றைய மாம்பழ மஞ்சளாகவே இருந்தது. வெளிப்பக்கம் நரைத்துப் போயிருந்தது. இன்ச் டேப்பை இடுப்பில் போட்டார். "துணி இழுக்கல டீச்சர். நீங்கதான் வத்தியிருக்கீய. ரெண்டு இஞ்சு பிடிக்கலாம்." பிடித்துத் தைத்துவிட்டு, உள்ளே மிஞ்சிய துணியை வெட்டப் போகிறார் என்று பார்த்தால் மடித்து ஓரம் அடித்தார். "வெட்டல டீச்சர், கெடக்கட்டும். பெறவு வேணும்னா பிரிச்சுக்கலாம்." எடைக் குறைப்பைப் பற்றி இத்தனை வருட அனுபவத்தோடு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எடை நிற்கும்போது இடுப்பு எப்படிக் குறையும்? நடை, படியேற்றம், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது என்று செய்துகொண்டிருந்தேன். தசை கொஞ்சம் கூடி, வயிற்றுக் கொழுப்பு கொஞ்சம் போனால் தராசுக்கு வித்தியாசம் தெரியாது, டேப்புக்குத் தெரியும். நம் ஆட்களுக்கு வயிற்றுக் கொழுப்பில்தான் வம்பே இருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்று எல்லையை இறுக்கி வைத்திருப்பதும் அதனால்தான். எனக்கு 104 இருந்தது, 93-க்கு வந்திருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.2-லிருந்து 5.8 ஆயிற்று. இரண்டும் இன்னும் எல்லைக்கு வெளியேதான். ஆனால் முள் ஒரு கோடுகூட நகராத ஒரு வருடத்தில்தான் சர்க்கரை இப்படி இறங்கியது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் கிடையாது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்ட குழுவில் 39 சதவீதம். இதில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் வேறு. அப்படித் திருத்திக்கொண்டவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. எடைமேடையை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் எல்லாரும் ஆறாவது மாதமே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆகவே மேடையை நான் தூக்கிப் போடவில்லை, ஆனால் அதற்கு இருந்த பதவியைப் பிடுங்கிக்கொண்டேன். வாரம் ஒருமுறை ஏறுவேன், எண்ணைக் காலண்டரில் குறிப்பேன், அவ்வளவுதான். எண் தேவைதான், அது கண்ணில் படாமல் இருந்தால் இரண்டு கிலோ சத்தமில்லாமல் ஏறிவிடும். அமெரிக்காவில் ரெனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் 1994-ல் தொடங்கிய பதிவேடு ஒன்றில், பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள்.

இப்போது அல்வாவுக்கு வருவோம். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அதைத் தாண்டி எழுத முடியாது. யார் வீட்டுக்கு வந்தாலும், யார் ஊருக்குப் போனாலும் அல்வா. ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு தின்றாயிற்று. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் போய்விடும். இதை 1975-லேயே பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் இருவரும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாக ஐஸ்கிரீம் தின்றார்கள். ஒருமுறை கட்டு அறுந்தது, பிறகு கணக்கே இல்லை. அல்வாத் துண்டில் நூறு, நூற்றைம்பது கலோரி இருக்கலாம். ஆளை வீழ்த்துவது அதற்கு அடுத்த மூன்று நாள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் பழக்கங்கள் எப்படிப் படிகின்றன என்று 96 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். நடுவில் ஒருநாள் தவறுவதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை என்பது அவர்கள் கண்டது. ஆனால் படிவதற்கு ஆன காலம் ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை மாறியது. 'இருபத்தோரு நாளில் பழக்கம்' என்று சொல்லிப் பயிற்சி வகுப்புக்குக் காசு வாங்குகிறவர்கள் இதைப் படித்தார்களா தெரியவில்லை.

எனக்கு நிலைத்த ஏற்பாடுகள் இரண்டே இரண்டு. இரண்டிலும் மனஉறுதிக்கு வேலை கிடையாது.

ஒன்று எண்ணெய். ஒவ்வொரு தோசைக்கும் ஸ்பூனால் அளப்பது நம்மால் ஆகாது. பாக்கெட்டை வெட்டும்போதே ஸ்கெட்ச் பேனாவால் அன்றைய தேதியை அதன்மேல் எழுதிவிடுவேன். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். மூன்று பேர் இருக்கும் வீட்டில் அது பத்து நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு 30 கிராம். இரண்டு வாரம் வந்தால் 22. வித்தியாசம் எழுபது கலோரிக்கு மேல், யாரும் எதையும் தியாகம் செய்யாமலே. அவியலுக்கு மேலே விடும் தேங்காயெண்ணெயை நான் குறைக்கவில்லை, அதில் கைவைத்தால் வீட்டில் கலகம் வரும். பொரியல் தாளிப்பிலும் தோசைக்கல்லிலும்தான் பிடித்தேன். பாக்கெட் தேதியை இப்போது என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்க்கிறார். "இன்னும் ரெண்டு நாள் ஓட்டணும் போலயே" என்பார்.

இன்னொன்று பால். வாசலுக்கு வந்து போட்டுக்கொண்டிருந்த பாக்கெட்டை நிறுத்திவிட்டேன். காபி வேண்டுமானால் பூத்துக்கு நடந்து போயாக வேண்டும். ஆரோக்கியத்துக்காக விடியற்காலையில் எழுந்து நடக்கும் ஆள் நானில்லை. வ.உ.சி. மைதானத்தில் வெள்ளை ஷூ போட்டுச் சுற்றுகிறவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வந்ததில்லை. ஆனால் காபி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. ஐப்பசி மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு போகிறேன் என்றால் அது கொழுப்பைக் கரைக்கிற ஆசையால் அல்ல, டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறதே என்ற அவசரத்தால். போகும்போது சுற்றுப்பாதை, வரும்போது நேர்பாதை. மனம் சோர்ந்த நாளிலும் இது நடந்துவிடுகிறது; சோர்ந்த மனத்திடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

போன வருடத்தில் இருந்து ஸ்டாஃப் ரூமில் ஊசிப் பேச்சு. டிர்செபடைட், செமாக்ளுடைட் மருந்துகள் எடைக் குறைப்புக்கென 2025-ல் நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. ஊசி போட்டுக் குறைப்பது ஏமாற்று வேலை என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மருந்துகள் போய் நிற்பது அதே பசிச் சமிக்ஞையில்தான். ஒரு ஹார்மோனைத் திருத்தியதும் ஆள் தானாகக் குறைவாகச் சாப்பிடுகிறார் என்றால், இத்தனை நாள் குறை குணத்தில் இல்லை என்றுதானே ஆகிறது? நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள்: செமாக்ளுடைட்டை நிறுத்தி ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அதுவும் நீண்ட நாள் சமாச்சாரம்தான். செலவும் அப்படியே. தேவைப்படுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். கொள்ளு ரசக்காரர்கள் தீர்ப்பு எழுத வேண்டாம்.

புதிதாக வந்திருக்கும் இயற்பியல் டீச்சர் சின்னப் பெண். பிள்ளை பிறந்த பிறகு ஏறியது இறங்கவில்லை. அவள் என் பால் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "எங்க வீட்ல பால் வாங்குறது அத்தை, டீச்சர். அதுல நான் கைவச்சா வேற பிரச்னை வரும்" என்றாள்.

"அப்ப பால் உனக்குச் சரிவராது. என்ன ஆனாலும் தவறாம வீட்டை விட்டுக் கெளம்புற வேலை உனக்கு எது?"

யோசித்தாள். மகளைச் சாயங்காலம் பாட்டு கிளாஸில் விட்டுக் கூட்டிவருவதாம். ஸ்கூட்டரில் போவாளாம்.

"தூரம் எவ்வளவு?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஆனா அவ நடக்க மாட்டா டீச்சர், தூக்கச் சொல்லுவா."

எத்தனை கிலோ இருப்பாள் என்று கேட்டேன். பதினாலு என்றாள். விடும்போது ஸ்கூட்டர், கூட்டிவரும்போது நடை என்று வைத்துக்கொள்ளலாமா, அப்படியானால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பீரியட் மணி அடித்துவிட்டது.